பண்டிகைப் பானையை யார் வைப்பது?

பரந்தனைத் தாண்டி ஏ9 வீதியால் வடக்கே போகின்றவர்களுக்கு ஆனையிறவு வந்துவிட்டது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நீரேரியும் உப்புக் காற்றுமே அதைச் சொல்லிவிடும். வெயில் காலத்தில் பாத்திகளில் கடல்நீர் வற்றி வெள்ளை வெளேரென உப்பு விளையும். போரினால் 1990 இல் நின்றுபோன உற்பத்தி, போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் மாதத்தில் அங்கு சமையல் உப்புத் தயாரிக்கும் ஆலையும் திறந்துவைக்கப்பட்டது. அந்த உப்பளத்தில் உழைப்பவர்களில் எமது சகோதரிகளும் இருக்கிறார்கள்.

உப்பில்லாமல் எமது வீடுகளில் எந்தப் பானையும் இறங்குவதில்லை. இனிப்புப் பலகாரத்துக்குக்கூட ஒரு சிட்டிகை உப்புப் போட வேண்டும் என்பது அம்மம்மாமார் சொல்லித் தந்த பாடம். உப்பு கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக் காட்டும். ஆனால் இன்று நாம் பேச வேண்டியது உப்பின் அளவைப் பற்றி மட்டுமல்ல. நாள் பெருநாளில் அந்தப் பானை அடுப்பில் ஏறுகிறதா, ஏறினால் அதை ஏற்றுவது யார் என்பதைப் பற்றியுமாகும்.

பானை ஏறாத வீடுகள்

களப்பணிக்காக வீடு வீடாகச் செல்லும்போது, தைப்பொங்கலோ தீபாவளியோ நத்தாரோ வந்தாலும் பலகாரச் சட்டி வைக்காத வீடுகளைக் காண்கிறோம். காரணம் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: “எங்களுக்கு என்ன பெருநாள்?” இந்தச் சொல்லுக்குள் பல காரணங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும்.

முதலாவது, இழப்பு. கணவரை, பிள்ளையை, சகோதரரை இழந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பது இறந்தவரை மறந்ததாகிவிடுமோ என்ற பயம். ஆனால் எமது வழக்கம் என்ன சொல்கிறது? சாவு நடந்த வீட்டில் ஆண்டுத்திவசம் முடியும்வரை கொண்டாட்டம் இல்லை. அது முடிந்த பின் வீடு வழமைக்குத் திரும்பலாம். முன்னோர் துக்கத்துக்கு ஓர் எல்லை வைத்தார்கள். 2009 கடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. முடிவில்லாமல் துக்கம் காக்கும்படி எந்த வழக்கமும் எம்மைக் கேட்கவில்லை.

அத்துடன், நினைவுகூருவதற்கு எமக்கென ஒரு நாளும் ஓர் உணவும் இருக்கின்றன. இறுதிப் போரின்போது அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியால் உயிர் பிழைத்த பிள்ளைகள் இன்று வாலிபராகிவிட்டனர். ஒவ்வொரு மே மாதமும் அந்த முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்கிறோம். மே மாதத்தில் கஞ்சி காய்ச்சும் கை, யூலை மாதத்தில் ஆடிக்கூழ் காய்ச்சினால் அதில் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் அரிசி ஒன்று, உப்பும் ஒன்று.

இரண்டாவது நிலை இதிலும் கடினமானது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இறந்த திகதி இல்லை. திகதி இல்லாததால் திவசமும் இல்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கியதே, தமது பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற பதிலைக் கேட்டுத்தான். அவருக்குப் பிடித்த பலகாரத்தைச் சுட்டால் படையலாகிவிடுமோ, சுடாமல் விட்டால் மறந்ததாகிவிடுமோ என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சகோதரிகளுக்கு ஒரு யோசனை: பலகாரத்தைச் சுட்டு, அவருக்கென ஒரு பங்கை ஒரு பேணியில் எடுத்து வையுங்கள். வெளியூர் போன பிள்ளைக்கு எடுத்து வைப்பதில்லையா? அது படையலா, பங்கா என்று ஊருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மூன்றாவது, வழக்கம் என்ற பெயரில் உள்ள தடை. பொங்கலன்று குடும்பத் தலைவர் முற்றத்தில் பானையை ஏற்றி, இரு கையாலும் அரிசியை அள்ளி மூன்று முறை சுற்றி இடுவது எமது முறை. குடும்பத்தைத் தாங்குவது பெண்ணாக இருந்தால்? உழைப்பதற்கும் கடன் கட்டுவதற்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் அவர் தலைவி. பானை வைக்கும்போது மட்டும் பக்கத்து வீட்டு ஆண்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

வன்னியின் பெரிய பொங்கல் எது என்று எண்ணிப் பாருங்கள். முல்லைத்தீவில் வைகாசியில் நடக்கும் வற்றாப்பளைப் பொங்கல். அங்கே கடல்நீரில் விளக்கெரித்து வழிபடுகிறோம். அந்த அம்மன் யார்? கண்ணகி. கணவனைப் பறிகொடுத்து, நீதி கேட்டு அரசன் முன் நின்ற பெண். கணவனை இழந்த பெண்ணுக்கே ஊர் திரண்டு பொங்கும் மண்ணில், கணவனை இழந்த பெண் தன் முற்றத்தில் பொங்கக்கூடாது என்பது எப்படிப் பொருந்தும்?

சமூகவியலில் நாம் படிப்பது, வழக்கங்கள் மனிதருக்காக உண்டானவை, காலத்தோடு அவை மாறியும் வந்திருக்கின்றன என்பதைத்தான். மாற்றத்தை ஊர்க் கூட்டத்தில் தொடங்க வேண்டியதில்லை. சொந்த முற்றத்தில் தொடங்கலாம்.

அடுப்பு எமக்கு என்ன தந்தது?

2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தவர்களுக்குப் பொதுச் சமையல் நினைவிருக்கும். கிடாரத்தில் சமைத்ததை வரிசையில் நின்று வாங்கினோம். பசி ஓரளவு தீர்ந்தது. ஆனால் “இன்று என்ன சமைப்பது?” என்று தீர்மானிக்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. மீள்குடியேறிய காணியில் தகரக் கொட்டிலுக்கு வெளியே மூன்று கல் வைத்து எரித்த முதல் அடுப்பு பலருக்கும் வீடு திரும்பியதன் அடையாளமாக இருந்தது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி கிடைக்காதபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம், பனங்கட்டியில் பலகாரம் செய்தோம். கடையில் பொருள் இல்லாத அந்த நாட்களிலும் எமது அம்மாமார் பெருநாளை விடவில்லை. அந்தக் கைப்பக்குவம் எழுத்தில் இல்லை. எமது பிள்ளைகளுக்குக் காட்டாவிட்டால் அது எம்மோடு போய்விடும். ஆகவே ஊர்ப் பொருளில் செய்யக்கூடிய மூன்றைக் கீழே தருகிறேன்.

ஆடிக்கூழ்

ஆடிப்பிறப்பு பெரும்பாலும் யூலை 17 இல் வரும். ஆறு பேருக்குத் தேவையானவை: சிவப்புப் பச்சையரிசி மா 1 சுண்டு, வறுத்துக் கோது நீக்கிய பயறு கால் சுண்டு, தேங்காய் 1, பனங்கட்டி ஏறத்தாழ 300 கிராம், மிளகு, ஏலம், உப்பு.

தேங்காயில் சிறு துண்டை எடுத்துச் சொட்டாக வெட்டி வையுங்கள். மிகுதியைத் துருவி முதற்பால், இரண்டாம் பால் எனப் பிழியுங்கள். 7 சுண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயறை அவிய விடுங்கள. மாவில் மூன்றிலொரு பங்கைச் சுடுநீர் விட்டுக் குழைத்து, சிறு உருண்டைகளாக உருட்டி, விரலால் தட்டையாக அழுத்திக் கொதிநீரில் போடுங்கள். அவை வெந்து மேலே மிதக்கும்போது, மிகுதி மாவை இரண்டாம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றித் துழாவுங்கள். பனங்கட்டியை வெந்நீரில் கரைத்து வடித்துச் சேர்க்க வேண்டும். வடிக்காவிட்டால் மண் கடிபடும். இறுதியாக முதற்பால், சொட்டு, பொடித்த மிளகு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து ஒரு கொதியில் இறக்குங்கள். பலா இலையைக் கோலிக் குடிக்கக் கொடுத்தால் பிள்ளைகள் இன்னொரு முறை கேட்பார்கள்.

பனங்காய்ப் பணியாரம்

பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாதி மாதங்களுக்கு உரியது. பழத்தைக் கழுவி, தோலை உரித்து, விதையைப் பிசைந்து களி எடுத்துத் துணியில் வடியுங்கள். 2 சுண்டு களிக்கு 1 சுண்டு சீனி சேர்த்து, பச்சை வாசம் போகும்வரை அடுப்பில் காய்ச்சுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் பணியாரம் கசக்கும். நன்றாக ஆறிய பின் உப்பும், கையால் கிள்ளிப் போடக்கூடிய பதம் வரும்வரை கோதுமை மாவும் சேர்த்துக் குழைத்து, கொதித்த எண்ணெயில் சிறு சிறு உருண்டைகளாகப் போட்டுப் பொரியுங்கள். அடுத்த நாள் சாப்பிட்டால் சுவை இன்னும் கூடும்.

பயற்றம் உருண்டை

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நத்தாருக்கும் பொதுவான பலகாரம். வறுத்துத் திரித்த பயற்றம் மா 4 சுண்டு, சர்க்கரை 2 சுண்டு, தேங்காய்ப்பூ 1 சுண்டு, ஏலம், மிளகு, சீரகம் எடுங்கள். தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக, ஈரம் போக வறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் இரண்டு நாளில் பழுதாகிவிடும். சர்க்கரையைச் சிறிது தண்ணீரில் பாகாக்கி, சூட்டோடு எல்லாவற்றையும் கலந்து உருட்டுங்கள். அரிசி மா, சிறிது கோதுமை மா, தேங்காய்ப்பால், மஞ்சள், உப்பு சேர்த்துக் கரைத்த மாவில் தோய்த்துப் பொரித்தெடுங்கள். உருட்டுவது ஒரு கையால் ஆகாத வேலை. பாகு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும் என்பதால் நாலு பேர் சுற்றியிருந்து செய்வது முன்னைய வழக்கம். அயலில் தனித்திருக்கும் சகோதரியைக் கூப்பிட இதைவிட நல்ல சாட்டு இல்லை.

நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டியும் இனிப்புத்தான் என்பதை மறக்கக்கூடாது. அவர்களுக்கு அளவோடு கொடுங்கள்.

வீட்டுக்கு வருபவர்களுக்கு

விருந்தாளி வந்தால் சோடாவும் பிஸ்கட்டும் வாங்கிவரப் பிள்ளையைக் கடைக்கு ஓட்டுவது எமது வீடுகளில் பழக்கமாகிவிட்டது. சிலர் கடனுக்கும் வாங்குகிறார்கள். புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும், அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும், உப்பிட்ட மோரும் எந்த விருந்தாளிக்கும் குறைவில்லை. நாம் ஏழைகள் என்பதை அவை காட்டுவதில்லை. நாம் எந்த ஊரவர் என்பதையே காட்டுகின்றன.

பெருநாட் செலவுக்காக நுண்கடன் எடுப்பதைத் தயவுசெய்து தவிருங்கள். அந்தக் கடன்களில் எமது பெண்கள் எவ்வளவு சிக்குண்டார்கள் என்றால், 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியிருந்தது. உடுப்பும் பலகாரமும் இரண்டு நாள். தவணையோ வாராவாரம் வாசலில் நிற்கும். அதற்குப் பதிலாக, நாலைந்து வீட்டார் சேர்ந்து மா, தேங்காய், எண்ணெய் போட்டு ஒரே தாச்சியில் சுட்டுப் பங்கிடுங்கள். விறகும் எண்ணெயும் மிச்சம்.

கைப்பக்குவம் உள்ளவர்கள் விற்கவும் முடியும். வடக்கில் பெண்களே சமைத்து விற்கும் அம்மாச்சி உணவகங்களில் பாரம்பரிய உணவுக்கு ஆட்கள் தேடி வருகிறார்கள். வீட்டிலிருந்து விற்பவர்கள் ஒரு கொப்பியில் மா, தேங்காய், எண்ணெய், விறகு, பொதி செய்யும் பை ஆகியவற்றின் விலையை எழுதுங்கள். அதோடு உங்கள் உழைப்பு நேரத்துக்கும் ஒரு கூலி போடுங்கள். பலர் விடும் பிழை, தமது கூலியை எழுதாமல் விடுவதுதான். சொந்தத் தென்னையில் பறித்த தேங்காய்க்கும் விலை உண்டு.

அன்பான சகோதரிகளே, வருகின்ற பெருநாளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு சுண்டு அரிசி போதும். முற்றத்தைக் கூட்டி, மூன்று கல் வைத்து, பானையை உங்கள் கையாலேயே ஏற்றுங்கள். அரிசியிடும்போது பிள்ளைகளையும் ஒவ்வொரு கைபிடி போடச் சொல்லுங்கள். பொங்கி வழிவது எந்தப் பக்கம் என்று அவர்கள் பார்க்கட்டும். நாளை அவர்கள் தமது வீட்டில் பானை வைக்கும்போது, இதை எமது அம்மாதான் காட்டித் தந்தா என்று சொல்வார்கள்.