உங்களுக்குத் தெரியுமா? உங்கள் பெயரில் இன்னொருவர்!

★ தகவல் திருட்டுக்குப் பெரிய கணினி மூளை எதுவும் தேவையில்லை. 2020 ஆகஸ்டில் அம்பலமான பி.எம். கிசான் மோசடியில் முதலில் அடிபட்ட மாவட்டங்களில் நம் கடலூரும் ஒன்று. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டம் அது. ‘கொரோனா நிவாரணம் வருது’ என்று சொல்லித் தரகர்கள் ஆதார், பாஸ்புக் நகல்களை வாங்கிக்கொண்டார்கள். வேளாண் துறை அலுவலர்களின் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போயிருந்தது. விளைவு, சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் பட்டியலில் விவசாயி ஆனார்கள். தமிழகம் முழுக்கத் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர், 110 கோடி ரூபாய். சிபிசிஐடி விசாரணைக்குப் போன இந்த வழக்கில், பணத்தை அரசு திரும்பப் பிடித்தது. தரகருக்குக் கமிஷன் அழுதவர்களுக்கு அதுவும் நஷ்டம்.

★ ஆருத்ரா தரிசனத்துக்கு வந்து லாட்ஜில் அறை எடுக்கிறீர்களா? முழு ஆதாரைக் கொடுக்க வேண்டாம். முதல் 8 எண்களை மறைத்து, கடைசி 4 மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ அட்டையை ஆதார் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

★ அண்ணாமலை நகர் மாணவர்களே, ஜெராக்ஸ் கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சான்றிதழ், பிரிண்ட் எடுத்த பிறகும் கடைக்காரரின் கணினியில் இருக்கும். அங்கேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள். நகலின் மேல் எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் குறுக்கே கையெழுத்துப் போடுங்கள். அந்த நகலை வேறு காரியத்துக்குத் திருப்புவது கடினமாகிவிடும்.

★ ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் போதும், ஓடிபி இல்லாமலே சிறு கடைகளிலும் வங்கிப் பணம் எடுக்கலாம். கிராமத்து முதியோருக்கு இது பெரிய வசதி. ஆனால் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை ரப்பரில் வார்த்துப் பணம் சுருட்டிய கும்பல்கள் வெளிமாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். சந்தேகத்துக்கு 1947-ஐ அழையுங்கள்.

★ உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு ஓடுகிறது? ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் பட்டியல் வரும். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். தமிழகத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 9 சிம்தான்.

★ உங்கள் பான் எண்ணை வைத்து வேறொருவர் கடன் வாங்கியிருந்தால், அது உங்கள் கடன் அறிக்கையில் பதிவாகியிருக்கும். சிபில் உள்ளிட்ட 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

★ ‘உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்’ என்று யாராவது கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். மோசடிப் பணம் அதில் புரண்டால், கணக்கு முடக்கப்படும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரரைத்தான்.

★ அடுத்தவரின் கடவுச்சொல்லையோ மின் கையொப்பத்தையோ அடையாள எண்ணையோ மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

★ பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு வீட்டில் முடங்காதீர்கள். உடனே 1930-க்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் பணம் போய், 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும், புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எனவே முந்துகிற ஒவ்வொரு நிமிடமும் உங்கள் பணம்.