மண் வேறு, கல் வேறு: சிறு டிராக்டர் செய்யும் சல்லடை வேலை

(விளக்கக் கட்டுரை: அறிவியல், தமிழ்மொழி வகுப்புகளுக்கு)

கலவையைப் பிரிக்கும் முறைகளைச் சொல்லச் சொன்னால், மாணவர்கள் உடனே வடிகட்டுதல், ஆவியாக்குதல், காந்தம் என்று எழுதிவிடுவார்கள். சலித்தலுக்கு உதாரணம் கேட்டால் மட்டும் ‘மாவு சலிப்பது’ என்பதோடு நின்றுவிடும். அதே சலித்தல் ஒரு வயல் அளவுக்கு நடந்தால் எப்படியிருக்கும்? வாங்க, பார்ப்போம்.

கல் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியை எடுத்துக்கொள்வோம். பனியுகத்தில் அந்நிலத்தை மூடியிருந்த பெரும் பனிப்படலம், பாறைகளை உடைத்து இழுத்து வந்து மண்ணோடு கலந்துவிட்டது. உழவர்கள் அவற்றைப் பொறுக்கி வயலோரம் அடுக்கிய கற்சுவர்கள் இன்றும் அங்கே காடுகளுக்குள்கூட நிற்கின்றன.

ஒருமுறை பொறுக்கினால் போதாதா? போதாது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடையும். கல் மண்ணைவிட விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், குளிர்காலத்தில் கல்லுக்கு அடியிலுள்ள ஈரம் முதலில் உறைந்து கல்லை மேலே தள்ளுகிறது. பனி உருகும்போது மண் சரிந்து அடியிலுள்ள இடைவெளியை நிரப்பிவிடும். கல் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. அதனால்தான் ஒவ்வொரு வசந்தத்திலும் புதுக் கற்கள் தலைகாட்டுகின்றன. நிலம் உறையாத நம் நாட்டில் இந்தத் தொல்லை இல்லை.

கல்லை விட்டுவைத்தால் உழுகருவியின் கத்தி உடையும், கேரட் கிளைத்து வளரும், அறுவடையில் உருளைக்கிழங்கு அடிபடும்.

எந்தக் கருவி, எப்படிப் பிரிக்கிறது?

1. பின்வாரி: டிராக்டரின் பின்னால் பூட்டும் பெரிய வாரி. வளைந்த கம்பிப் பற்கள் மேற்பரப்புக் கற்களை இழுத்து வரிசையாக ஒதுக்கும். விலை குறைவு, ஆனால் ஆழத்தில் உள்ள கல்லுக்கு உதவாது.

2. கம்பி வாளி: முன்பக்கம் பூட்டுவது. அடித்தட்டுக்குப் பதிலாக இடைவெளிவிட்ட கம்பிகள் இருக்கும். அள்ளிக் குலுக்கினால் மண் கீழே கொட்டும், கல் தங்கும். இடைவெளியைவிடச் சிறிய கல்லும் மண்ணோடு விழுந்துவிடும் என்பதை மறக்காதீங்க. சல்லடையின் கண்தான் எது நிற்கும், எது போகும் என்று தீர்மானிக்கிறது.

3. கல் புதைப்பான்: இதன் சுழல் உருளை, சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகச் சுழன்று மண்ணைத் தோண்டிப் பின்னுள்ள கம்பித் தடுப்பின்மீது வீசும். கம்பியில் மோதும் கல் அடியில் விழும். இடைவெளியில் நுழைந்த பொடிமண் அதன்மேல் படியும். கல்லை அகற்றாமல் புதைத்துவிடுகிறது.

ஈரம் பார்க்கணும்

ஈரம் அதிகமானால் மண் கம்பியில் ஒட்டிக்கொள்ளும், சலிக்காது. மிகவும் காய்ந்தால் மண்கட்டியும் கல்லைப் போலவே வாளியில் தங்கிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் அதுதான் சரியான பதம்.

கவனம் தேவை

அரை மீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கல் எவ்வளவு கனம் இருக்கும்? கனஅளவு ஏறக்குறைய 0.065 கன மீட்டர். பாறையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2,650 கிலோ எனக் கொண்டால், கிட்டத்தட்ட 172 கிலோ! இதை முன்வாளியில் உயரத் தூக்கினால் புவியீர்ப்பு மையமும் உயரும். சரிவில் டிராக்டர் கவிழும். அமெரிக்கப் பண்ணைகளில் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று டிராக்டர் கவிழ்வதே. ஆகவே வாளியைத் தாழ்வாக வைத்து மெதுவாக ஓட்ட வேண்டும். பின்பக்கம் எதிர்ப்பாரம் வேண்டும். கவிழ்வுக் காப்புச் சட்டம் நிமிர்ந்திருக்க, இருக்கைவாரும் அணிந்திருக்க வேண்டும். சட்டம் இருந்தும் வார் அணியாவிட்டால் ஓட்டுநர் வெளியே தூக்கி எறியப்படலாம்.

பயிற்சி

1. நியூ இங்கிலாந்து வயல்களில் ஆண்டுதோறும் கற்கள் மேலெழுவதற்கான காரணத்தைப் படிப்படியாக விளக்குக.
2. கம்பி வாளி, கல் புதைப்பான் ஆகிய இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றையும் வேற்றுமை ஒன்றையும் எழுதுக.
3. விட்டம் இரு மடங்கானால் கல்லின் எடை எத்தனை மடங்காகும்? (இரண்டு என்று எழுதிவிடாதீங்க. கனஅளவை நினைத்துப் பாருங்கள்.)