க்ளென் ராயின் மூன்று கோடுகள்

புவியியல் ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பனியாறு அரித்த பள்ளத்தாக்கைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது மாணவி ஒருத்தி எழுந்து, "இப்போது பனியே இல்லாத இடத்தில் அப்போது பனி இருந்தது என்று எப்படி சார் அடித்துச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாளாம். பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி உட்கார வைத்துவிட்டேன், ஆனால் எனக்கே திருப்தியில்லை, நீங்கள் எழுதுங்கள் என்கிறார்.

யு வடிவப் பள்ளத்தாக்கு, பாறைமேல் கீறல், எங்கிருந்தோ வந்து தனியாக நிற்கும் பாறாங்கல் எல்லாம் ஆசிரியருக்கே தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில் உள்ள க்ளென் ராய்க்கு நேரே போய்விடலாம். பனிக்காலத்தைப் பற்றிப் பேச எனக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது.

ஃபோர்ட் வில்லியம் நகரிலிருந்து கிழக்கே போனால் ராய்பிரிட்ஜ் என்ற சிற்றூர் வரும். அங்கே ராய் ஆறு ஸ்பீன் ஆற்றில் கலக்கிறது. ஊரிலிருந்து ஒரே ஒரு வண்டி போகும் அகலத்தில் ஒரு சாலை பள்ளத்தாக்குக்குள் ஏறுகிறது. சில மைல் போனதும் வண்டியை நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். இறங்கி எதிரே பார்த்தால், மலைச்சரிவில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள். மட்டப்பலகை வைத்து இழுத்தது போல, சரிவு உள்ளே மடங்கினால் தாமும் மடங்கி, வெளியே புடைத்தால் தாமும் புடைத்து, உயரம் மட்டும் மாறாமல் போகின்றன. திரும்பி நின்றால் இந்தப் பக்கத்துச் சரிவிலும் அதே மூன்று, அதே உயரத்தில். கடல்மட்டத்திலிருந்து 350 மீட்டர், 325 மீட்டர், 260 மீட்டர்.

வரைபடத்தில் இவற்றின் பெயர் 'இணைச் சாலைகள்'. பழங்கதைகளின் வீரன் ஃபிங்கால் வேட்டைக்காகப் போட்ட சாலைகள் என்று மலைநாட்டு மக்கள் சொல்லிவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மக்கல்லக், தாமஸ் லாடர் டிக் என்ற இருவர் இவற்றை அளந்து பார்த்து, இவை சாலையல்ல, பழைய ஏரியின் கரை என்று எழுதினார்கள். தண்ணீர் விளிம்பைத் தவிர வேறெதுவும் இவ்வளவு மட்டமாகக் கோடு போடாது. அதுவரை சரி. ஆனால் ஏரி என்றால் அதைத் தடுத்த கரை எங்கே? பள்ளத்தாக்கின் வாய் திறந்து கிடக்கிறது. மண்மேடோ பாறைச்சுவரோ உடைந்த அடையாளம் எதுவும் இல்லை.

1838 கோடையில் 29 வயது சார்லஸ் டார்வின் இங்கே வந்தார். பீகிள் கப்பல் பயணம் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. சிலி நாட்டில் நிலநடுக்கம் கரையைத் தூக்கியதையும், கடலுக்கு மேலே படிப்படியாக உயர்ந்து நிற்கும் பழைய கடற்கரைகளையும் கண்ணால் கண்டு திரும்பியவர். க்ளென் ராயிலும் அதையே கண்டார்: இவை கடற்கரைகள், நிலம் விட்டுவிட்டு உயர்ந்திருக்கிறது. கடற்சிப்பி ஒன்றுகூடக் கிடைக்காதது அவரை அசைக்கவில்லை. காலப்போக்கில் கரைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார். 1839இல் கட்டுரை வந்தது.

அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்துக்காரர் லூயி அகாசி ஸ்காட்லாந்துக்கு வந்தார். அவருடைய நாட்டில் அலெட்ஷ் பனியாற்றின் விலாவில் மெர்யெலன் என்றொரு ஏரி உண்டு. அந்தக் காலத்தில் அதன் ஒரு பக்கத்துக் கரை மண்ணுமல்ல, கல்லுமல்ல, பனியாறேதான். அதைப் பார்த்திருந்த மனிதருக்கு க்ளென் ராய் உடனே புரிந்துவிட்டது. தடுத்தது பனி. பனி உருகியதும் அணையே தடமில்லாமல் போய்விட்டது.

டார்வின் இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் கருத்தை விடவில்லை. அவரை மாற்றியது அகாசியின் புகழல்ல. அபர்டீன் வட்டாரத்தில் ஒரு பண்ணை நிலத்துக்கு மேலாளராக இருந்த தாமஸ் ஜேமிசன் நடந்து நடந்து சேர்த்த ஆதாரங்கள். 1861இல் அவற்றைக் கேட்டறிந்த டார்வின், தம் விளக்கம் முற்றிலும் தவறு என்று நிலவியலாளரான நண்பர் லயலுக்கு எழுதிவிட்டார். ஜேமிசனின் ஆய்வு 1863இல் வெளிவந்தது. க்ளென் ராய் என்றதும் இன்றும் டார்வின் பெயரைத்தான் சொல்கிறோம். ஜேமிசனைப் புவியியல் படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கு இது பெரிய குறை.

ஜேமிசன் எதைப் பார்த்தார் என்பதுதான் இந்த இடத்தின் அதிசயமே. ஏரிக்கரை ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். எங்கள் ஊர் ஏரியில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கலிங்கின் தலையளவுக்குத்தான் நிற்கும். மிஞ்சியது வழிந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். கரை அதைவிட எவ்வளவு உயரமாக இருந்தாலும் நீர்மட்டத்தை வைப்பது கரையல்ல, கலிங்குதான். வருடா வருடம் ஒரே உயரத்தில் நின்ற தண்ணீர், உட்கரைக் கல்லில் ஒரே கோட்டைக் கறையாகப் போட்டு வைத்திருக்கும்.

க்ளென் ராயின் கலிங்குகள் மலை இடுக்குகள். பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில், ஸ்பே ஆற்றுப் பக்கம் திறக்கும் கணவாய் 350 மீட்டரில் இருக்கிறது. அது மேல்கோட்டின் உயரம். பக்கத்துக் கணவாய் ஒன்று நடுக்கோட்டின் உயரத்தில். லாகன் ஏரிக்குக் கிழக்கே உள்ள கணவாய் கீழ்க்கோட்டின் உயரத்தில். அட்லாண்டிக் பக்கம் போகவேண்டிய தண்ணீர் மேற்கே பனி மறித்ததால் ஏறி, இந்த இடுக்குகள் வழியாகக் கிழக்கே வட கடல் பக்கம் திரும்பியிருக்கிறது. கடல் என்று வைத்துக்கொண்டால் எல்லாப் பள்ளத்தாக்கிலும் ஒரே கோடுகள் இருக்கவேண்டும். பக்கத்து க்ளென் க்ளாயிலோ 355 மீட்டரில் தனியாக ஒரு கோடு. ஸ்பீன் பள்ளத்தாக்கில் கீழ்க்கோடு மட்டும். ஏரிக்கு ஏரி கலிங்கு வேறு, அதனால் கோடும் வேறு.

இதைவிட எனக்குப் பிடித்தது கோடுகளின் வரிசை. ஏரி வற்ற வற்ற மேல்கோடு, நடுக்கோடு, கீழ்க்கோடு என்று விழுந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது அப்படியல்ல. ஸ்காட்லாந்தில் பெரும்பனி உருகி முடிந்தபின், சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் குளிர் மீண்டும் வந்து ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் தங்கியது. மேற்கு மலைகளிலிருந்து இறங்கிய பனி ஸ்பீன் பள்ளத்தாக்கின் வாயை அடைத்தது. முதலில் 260 மீட்டர் ஏரி. பனி இன்னும் நகர்ந்து லாகன் பக்கத்துக் கணவாய்க்குப் போகும் வழியையும் மறித்தது. ஏரி 325க்கு ஏறியது. பிறகு 350. குளிர் தணிந்து பனி பின்வாங்கியபோது ஒவ்வொரு கலிங்காகத் திறந்துகொண்டு 325க்கு இறங்கி, 260க்கு இறங்கி, கடைசியில் பனிக்கு அடியில் வழி பிடித்து வெள்ளமாக வெளியேறியது. ஆகவே மிகக் கீழே இருக்கும் கோடுதான் முதலில் விழுந்தது, கடைசியிலும் விழுந்தது. பனியாறு வந்த கதையும் போன கதையும் ஒரே சரிவில், ஒரே கோட்டின்மேல் எழுதியிருக்கிறது.

ஏரியின் அடியில் படிந்த வண்டலும் இருக்கிறது. கோடையில் உருகுநீர் கொண்டுவந்த பருமண்ணும், மேலே உறைந்த குளிர்காலத்தில் மெதுவாக இறங்கிய களியும் மாறி மாறி, ஆண்டுக்கு ஒரு ஜோடி ஏடு. அவற்றை ஒன்றுவிடாமல் எண்ணி, இந்த ஏரிகள் ஐந்நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் நின்றிருந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு குறைந்த காலத்தில் பாறையை வெட்ட அலை மட்டும் போதாது. கரையோரம் உறைவதும் உருகுவதுமாக இருந்த தண்ணீர் பாறை வெடிப்புகளில் புகுந்து உடைத்துக் கொடுக்க, அலை அதை ஒழுங்குபடுத்தியிருக்கிறது.

மேலே ஏறிப் போய்க் கோட்டின்மேலேயே நின்றேன். எதிர்ச்சரிவிலிருந்து அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது, காலடியில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது. பத்து மீட்டர் அகலம் வரும் ஒரு திண்டு, அதுவும் வெளிப்பக்கம் சரிந்து. புல், ஹெதர் புதர், ஈரக் கரிமண். மண் பெயர்ந்த இடத்தில் முனை மழுங்காத உடைகல். ஆட்டுத்தடம் என்று எண்ணிக் கடந்துவிடலாம்.

கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். க்ளென் ராய் தேசிய இயற்கைக் காப்பிடம்தான். ஆனால் கோடுகள் காப்பிட எல்லையோடு நிற்பதில்லை. க்ளென் க்ளாயிலும் ஸ்பீன் பள்ளத்தாக்கிலும் மரத்துக்காக வரிசை வரிசையாக நட்ட ஊசியிலைத் தோப்புகள் கோடுகளை மறைத்து நிற்கின்றன. நடுவதற்கு உழுவதும், வெட்டிய மரத்தை இழுக்கப் பாதை போடுவதும் திண்டையே கலைக்கும். இடிந்த கோட்டையைப் பழுது பார்க்கலாம், விழுந்த தூணை எடுத்து நிறுத்தலாம். இந்தத் திண்டை மறுபடி செய்ய ஒரு பனியாறு வேண்டும். அதே வட்டாரத்தில், சினிமாவில் ரயில் ஓடிய க்ளென்ஃபின்னன் பாலத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. பாலம் அழகுதான். அங்கே வருகிறவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கி ராய்பிரிட்ஜில் திரும்பினால் என்ன?

போகிறவர்கள் உச்சிவெயிலில் போகவேண்டாம்; சரிவு முழுக்க ஒரே பச்சையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது திண்டுகளின் நிழல் எழும்பும். இலேசாகப் பனி தூவிய நாளென்றால் கோடு இன்னும் எடுப்பாக இருக்கும். முதலில் 260ஐப் பிடியுங்கள். அதைக் கண்ணால் தொடர்ந்து கீழே பள்ளத்தாக்கின் வாய்வரை போய், அதே உயரத்தில் அங்கே பனிச்சுவர் நின்றிருக்க வேண்டிய இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, பிறகு மேலே உள்ள இரண்டையும் பாருங்கள்.