செல்போனைப் பார்த்து ‘கிக் பாக்சிங்’ செய்யப் போறீங்களா? முதல்ல வீடியோவைத் தேர்ந்தெடுங்க!



குழுவில் உள்கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறோமா? எதுக்குக் கேட்கிறார், மாசம் எவ்வளவு திருப்பிக் கட்ட முடியும் என்றெல்லாம் பேசித்தான் தீர்மானம் எழுதுகிறோம். புது உறுப்பினருக்கு முதல் கடனே பெரிய தொகையாகக் கொடுப்பதும் இல்லை. ஆனால் உடம்பு விஷயத்தில் நம்மில் பலர் இந்த நிதானத்தைப் பார்ப்பதில்லை. செல்போனில் ஒரு பொண்ணு துள்ளித் துள்ளிக் குத்து விடுவதைப் பார்த்ததும் மறுநாள் காலையிலேயே அதே வேகத்தில் ஆரம்பித்துவிடுகிறார்கள். மூணாம் நாள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு, “இதெல்லாம் நமக்கு ஒத்து வராது” என்று விட்டும்விடுகிறார்கள். ஒத்து வராதது பயிற்சி இல்லை, அந்த வீடியோ. அதனால் இந்த இதழில், அவரவர் உடம்புக்கு ஏற்ற வீடியோவை எப்படிப் பார்த்து எடுப்பது என்று எழுதுகிறோம்.

இது என்ன பயிற்சி?

‘கார்டியோ கிக் பாக்சிங்’ என்றால் யாரையும் அடிப்பது இல்லை, பயப்படாதீங்க. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப காற்றில் குத்துவது, காற்றில் உதைப்பது, அவ்வளவுதான். இதயமும் நுரையீரலும் நன்றாக வேலை செய்யும். கை, தோள், இடுப்பு, தொடை எல்லாம் சேர்ந்து அசையும். கருவி எதுவும் வேண்டாம், ஜிம் வேண்டாம். கை நீட்டினால் சுவரில் இடிக்காத அளவு இடம் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் பில்லி பிளாங்க்ஸ் என்ற கராத்தே வீரர், டேக்வாண்டோ என்ற கொரிய நாட்டுச் சண்டைக் கலையையும் பாக்சிங்கையும் கலந்து ‘டே போ’ என்று ஒன்றை உருவாக்கினார். 1990-களின் கடைசியில் அதன் வீடியோ கேசட்டுகள் டிவி விளம்பரம் மூலமாக அங்கே ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கேசட்டுகளை வரிசையாகத்தான் விற்றார்கள். முதல் கேசட்டில் குத்தையும் உதையையும் மெதுவாகச் சொல்லித் தருவார். அடுத்தது அடிப்படைப் பயிற்சி. கடினமான பயிற்சி அதுக்கும் அப்புறம்தான். நேரமில்லாதவர்களுக்கு எட்டு நிமிஷக் கேசட்டும் ஒன்று இருந்தது. இப்போது யூடியூபில் அந்த வரிசை இல்லை. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைத்தான் விரல் அழுத்துகிறது. வரிசையை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாள் பூரா வேலைதானே செய்யறோம், இது எதுக்கு?

நியாயமான கேள்விதான். காலையிலிருந்து நாற்று நட்டுவிட்டு, களை எடுத்துவிட்டு வருகிற தோழிக்கு அன்றைக்குச் சாயங்காலம் கிக் பாக்சிங் தேவையில்லை. அவருக்குத் தேவை சாப்பாடும் ஓய்வும்தான். இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நாளெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கணக்கு எழுதும் பொறுப்பாளர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். கை ஓயாமல் வேலை செய்யும், மூச்சு மட்டும் ஒரு தடவைகூட வாங்காது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் உயரத்துக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். அதே ஆய்வில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகையும் இருந்தது. எடையும் கூட, ரத்தமும் குறைவு. வீடியோ எடுக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நாளைக்கு 30 நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள். கடினமான பயிற்சி என்றால் 75 நிமிஷமே போதும். ஒரே மூச்சில் செய்யணும் என்பதும் இல்லை. காலையில் பத்து, சாயங்காலம் பத்து என்று பிரித்துக்கொள்ளலாம்.

வீடியோவுக்கு முன்னாடி உடம்பு

துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த அளவு மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்க. வீடு தேடி வந்து சோதிப்பதற்கு 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது பல ஊர்களில் அந்த வேலைக்குப் போனவர்கள் நம் குழுப் பெண்கள்தான். ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் இருந்தாலோ, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தாலோ, நெஞ்சு வலி, இதய நோய் என்று முன்பே சொல்லியிருந்தாலோ டாக்டரிடம் கேட்காமல் குத்து, உதை எதுவும் வேண்டாம். நடைப் பயிற்சிகூட அவர் சொன்னபடிதான். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைப் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது. பிரசவமானவர்கள் ஆறு வாரத்துக்கு அப்புறம் டாக்டரிடம் காட்டிவிட்டு யோசிக்கலாம். சிசேரியன் என்றால் இன்னும் பொறுக்கணும்.

சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யாதீங்க. பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். வெறுங்காலோடும் வேண்டாம். முடித்ததும் பாதத்தில் கொப்புளம், கீறல் இருக்கிறதா என்று பாருங்க.

இன்னொரு விஷயம் உண்டு. கூட்டத்தில் யாரும் எழுந்து சொல்ல மாட்டார்கள். இருமினால், தும்மினால், குதித்தால் சிறுநீர் கசிவது. இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர்களில் நிறைய பேருக்கு இது இருக்கிறது. சிலருக்குக் கர்ப்பப்பை இறக்கமும் இருக்கிறது. அடி இறங்குதுன்னு நம் பக்கத்தில் சொல்வோமே, அதுதான். பிள்ளை பெறும்போது இடுப்புக்குக் கீழே உள்ள தசைகள் இழுபட்டுத் தளர்ந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தொந்தரவு உள்ளவர்கள் குதிக்கிற வீடியோவைத் தொடவே கூடாது. ஒவ்வொரு குதிக்கும் அடிவயிற்றுப் பாரமெல்லாம் அந்தத் தளர்ந்த தசைமேல்தான் விழுகிறது. அவர்கள் முதலில் செய்ய வேண்டிய பயிற்சிக்கு வீடியோவே வேண்டாம். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை உள்ளுக்குள் இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாசம்கூட ஆகலாம். சிறுநீர் கழிக்கும் நேரத்தில் இதைச் செய்து பழகக் கூடாது. இறக்கம் இருப்பதாகத் தோன்றினால் மகப்பேறு டாக்டரிடம் காட்டியே ஆகணும். குதிக்காத வீடியோவைப் பற்றி அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

சரி, எந்த வீடியோ?

இரண்டு நிமிஷம் நிற்காமல் வேகமாக நடந்து பாருங்க. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஊர்க்கதை பேச முடிகிறதா? பேச முடியும், ஆனால் பாட முடியாது என்றால் அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடினமான வேகம். நடைக்கே இப்படி மூச்சு வாங்குகிறவர்கள் ஒரு மாசம் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்க. வீடியோ எங்கும் ஓடிப்போகாது. நடையில் நன்றாகப் பேச முடிகிறவர்கள் முதல் நிலை வீடியோவுக்கு வரலாம்.

தேடும்போது ‘கிக் பாக்சிங்’ என்று மட்டும் போட்டால் வீரர்கள் சண்டை போடுவதெல்லாம் வரும். ‘கார்டியோ கிக் பாக்சிங் பிகினர் லோ இம்பேக்ட் நோ ஜம்பிங்’ என்று தேடுங்க. பிகினர் என்றால் புதிதாகத் தொடங்குபவர். லோ இம்பேக்ட் என்றால் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும், மூட்டில் அதிர்ச்சி குறைவு. எழுத வராதவர்கள் மைக் படத்தை அழுத்திச் சொன்னாலே போதும்.

வந்ததும் செய்ய ஆரம்பிக்காதீங்க. ஒரு தடவை உட்கார்ந்து முழுசாகப் பாருங்க. காய்கறி நறுக்கிக்கொண்டே பார்த்தாலும் சரி. முதல் ஐந்து நிமிஷம் உடம்பைச் சூடேற்றுகிறார்களா? கடைசியில் மெதுவாகக் குறைத்து, தசையை இழுத்துவிட்டு முடிக்கிறார்களா? இந்த இரண்டும் இல்லாத வீடியோவை, அதில் எவ்வளவு அழகான பொண்ணு ஆடினாலும், தள்ளிவிடுங்க. அடுத்து, சொல்லித் தருகிறவர் அசைவின் பெயரோடு உடம்பை எப்படி வைக்கணும் என்றும் சொல்லணும். முன்கையை நேராக நீட்டும் குத்து ‘ஜாப்’. பின்கையால் இடுப்பைத் திருப்பி விடுவது ‘கிராஸ்’. கையை வளைத்துப் பக்கத்திலிருந்து வருவது ‘ஹூக்’. கீழிருந்து தாடைக்கு ஏறுவது ‘அப்பர்கட்’. நேராக உதைப்பது ‘பிரன்ட் கிக்’. முதல் நிலை வீடியோவில் இவையும், முழங்காலை மேலே தூக்குவதும் இருந்தால் தாராளமாகப் போதும். காலைச் சுழற்றி உதைக்கிற ‘ரவுண்ட்ஹவுஸ்’ இருந்தால் அதைப் பிற்பாடு வைத்துக்கொள்ளுங்க. அதில் ஊன்றிய காலின் பாதமும் கூடவே திரும்பணும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முழு முறுக்கும் முட்டிக்குத்தான் போகும்.

காற்றில் குத்துவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். எதிரில் தடுக்க ஒன்றும் இல்லாததால் கை போகும் வேகத்தில் முழங்கை ‘படக்’கென்று பூட்டிக்கொள்ளும். உதைக்கும்போது முட்டியும் அப்படித்தான். நீட்டி முடிக்கும்போதும் மூட்டில் கொஞ்சம் வளைவு இருக்கணும். “மூட்டைப் பூட்டாதே” என்று திரும்பத் திரும்பச் சொல்கிற ஆசிரியர் நல்ல ஆசிரியர். கையில் டம்பெல்லோ தண்ணி பாட்டிலோ பிடித்துக்கொண்டு குத்தச் சொல்கிற வீடியோ நமக்கு வேண்டாம். தோள்பட்டை தாங்காது.

பாட்டின் வேகத்தையும் பாருங்க. கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 விநாடியில் எத்தனை தாளம் விழுகிறது என்று எண்ணுங்க. முப்பதை ஒட்டி வந்தால் புதியவர்களுக்குச் சரி. 35-க்கு மேல் போனால் பழகினவர்களுக்கே சிரமம். வீடியோ பிடித்திருக்கிறது, வேகம்தான் அதிகம் என்றால் செட்டிங் படத்தைத் தொட்டு ‘பிளேபேக் ஸ்பீடு’ என்பதில் 0.75 வைத்துக்கொள்ளலாம். பாட்டு இழுத்துக்கொண்டு கேட்கும், சிரிப்பாக இருக்கும். ஆனால் முட்டி பிழைக்கும்.

தலைப்பில் போட்டிருக்கும் கலோரிக் கணக்கைப் பார்த்து எடுக்காதீங்க. அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சில் சார்பில் சோதித்துப் பார்த்தபோது ஒரு மணி நேரத்துக்கு 350 முதல் 450 கலோரிதான் செலவானது. அரை மணியில் ஆயிரம் என்பவர்கள் வியாபாரம் பேசுகிறார்கள். 20 நிமிஷம் செய்தால் ஏறக்குறைய மூன்று இட்லி அளவு, அவ்வளவுதான். ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சு, தூக்கம் எல்லாவற்றுக்கும் அந்த 20 நிமிஷம் நல்லது.

செய்யும் நாளில்

புடவையும் நைட்டியும் உதைக்கு ஆகாது. கால் மாட்டி விழுந்துவிடுவோம். சுடிதாரோ, மகளுடைய டிராக் பேண்டோ போட்டுக்கொள்ளுங்க. உள்ளாடை இறுக்கமாகப் பிடிக்கணும், இல்லையென்றால் மார்பு வலிக்கும். சிமெண்ட் தரை, டைல்ஸ் தரை என்றால் ஷூ போடுங்க. ஈரத் தரையில் வேண்டவே வேண்டாம். செல்போனைத் தரையில் வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தால் கழுத்து பிடிக்கும். ஸ்டூல்மேல் ஒரு சொம்பில் சாய்த்து, கண் மட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்க.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து நிமிஷம் போதும். உதையை இடுப்பு உயரத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்க. தசை வலி இரண்டு நாளில் போய்விடும். மூட்டில் குத்துகிற வலி, வீக்கம் அப்படி இல்லை. அது வந்தால் வீடியோவை மாற்றணும். நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி உட்காருங்க. கொஞ்ச நேரத்தில் அடங்கவில்லையென்றால் 108-க்குப் போன் பண்ண வேண்டும். வாயுப் பிடிப்புன்னு சோடா குடித்துக்கொண்டு இருக்காதீங்க.

ஒரே வீடியோவை 20 நிமிஷமும் முடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணமாகப் பேச முடிகிறது, மறுநாள் முட்டியும் இடுப்பும் கேள்வி கேட்கவில்லை. இப்படி மூன்று வாரம் தொடர்ந்து இருந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். அதில் பக்கவாட்டு உதையும் சுழற்றி உதைப்பதும் வரும், நேரம் 30 நிமிஷமாகும். குதிப்பது எப்போது என்று சிலர் கேட்கிறார்கள். குதிக்காமலே காலம் பூராவும் செய்யலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

குழுவாகச் சேர்ந்து ஒரு மொட்டை மாடியில் செய்கிறவர்கள், யாருக்கு முட்டி வலி அதிகமோ அவருக்கு ஏற்ற வீடியோவையே எல்லோருக்கும் போடுங்க. தெம்பு உள்ளவர்கள் அதே வீடியோவில் கொஞ்சம் வேகமாகக் குத்திக்கொள்ளட்டும், காலைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கிக்கொள்ளட்டும்.