கூலர் கடிக்குது

பள்ளி விடுமுறை விட்டால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை. பிள்ளைகள் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்த முடியாது. நிறுத்தாமல் உருப்படியாகச் சோதிக்கவும் முடியாது. அதனால் சனிக்கிழமைகளிலும் ஆண்டிறுதி விடுமுறையிலும் காலி வகுப்பறைகளில் ஏணியும் மீட்டருமாக நானும் ஓர் உதவியாளரும் அலைவோம். மூன்று பேஸ் வயர்மேன் உரிமம், சோதிக்கும் அனுமதியோடு வைத்திருக்கிறேன். தொழிற்சாலை, கடைவீடு, கோயில் என்று எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளிக்கூடம் தனி ரகம்.

தொழிற்சாலையைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் கட்டிவிடுகிறார்கள். நம் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படி வளரவில்லை. தோட்டத்துக் காலத்துப் பலகைக் கட்டடம் ஒன்று இருக்கும். பக்கத்தில் பிறகு வந்த செங்கல் கட்டடம். அப்புறம் கணினிக்கூடம், பாலர் வகுப்பு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டிப் போட்ட ஏர்கோன். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் செய்திருப்பார். பழைய மின்பெட்டியிலிருந்து புறப்படும் வயர் எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வரைபடம் கேட்டால் சிரிப்பார்கள். பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பல்லி முட்டையும் எறும்புப் புற்றும்தான்.

வீடு அல்லாத எந்தக் கட்டடத்தின் மின்னமைப்பையும் குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும் என்கின்றன 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள். விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, அப்புறம் என்ன சோதனை என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எரிவதும் பத்திரமாக இருப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். சுவிட்சை லைவ் வயரில் போடாமல் நியூட்ரல் வயரில் போட்டாலும் விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். விளக்கு மாற்ற நாற்காலி போட்டு ஏறும் தோட்டக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

முதல் வேலை கண்ணாலும் மூக்காலும்தான். பழுப்பேறிய சாக்கெட், கருகின வாடை, ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன். பாதிக் குறை இங்கேயே அகப்பட்டுவிடும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, பலகை மாட்டிவிட்டு, எர்த் வயர் ஒவ்வொரு சாக்கெட்டிலிருந்தும் மின்பெட்டி வரை அறுபடாமல் வருகிறதா என்று அளப்போம். அடுத்தது 500 வோல்ட் கொடுத்து, வயரின் உறை மின்சாரத்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பது. 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இதற்கு முன்னால் கணினி, எல்இடி விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை போய்விடும். ஒரு கணினிக்கூடத்துக்கு அரை நாள் பிடிப்பது இதனால்தான். ஒரு மணி நேரத்தில் பள்ளி முழுவதையும் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் எதையும் கழற்றப் போவதில்லை.

கடைசியாக மின்சாரத்தைத் திறந்து ஆர்சிசிபியைச் சோதிப்போம். மின்பெட்டியில் சின்னதாக ஒரு 'டெஸ்ட்' பொத்தானோடு இருக்குமே, அதுதான். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இல்லையென்றால் அது விழ வேண்டும். சாக்கெட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர், சுடுநீர் ஹீட்டருக்கு 10. 30 மில்லிஆம்பியர் என்பது 7 வாட் எல்இடி விளக்கு ஒன்று இழுக்கும் அளவுதான். மனித உடம்புக்கு அதுவே ஆபத்து. பிளக்கில் இருக்கும் ஃபியூஸோ 13 ஆம்பியர், அதைப்போல 400 மடங்குக்கும் மேல். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல.

இரண்டு பொங்கலுக்கு முன்னால் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். சிற்றுண்டிச்சாலையில் முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த தண்ணீர் கூலர், எவர்சில்வர் உடம்பு. பிளக்கைத் திறந்தேன். எர்த் வயரை வெட்டி, நுனியை டேப் சுற்றி ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். உள்ளே வயர் உறையை அளந்தால் மீட்டர் 0.00 காட்டுகிறது. மின்சாரம் கொடுத்து, கூலரின் உடம்புக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தேன். 220க்கு மேல்.

நடந்தது என்ன என்று ஊகிப்பது கஷ்டமில்லை. கூலரில் ஈரம் இறங்கிக் கசிவு ஏற்பட்டது. ஆர்சிசிபி தன் வேலையைச் செய்து அடிக்கடி விழுந்தது; சிற்றுண்டிச்சாலை முழுக்க இருட்டு. கூப்பிட்டு வந்த யாரோ எர்த் வயரை வெட்டியதும் விழுவது நின்றது. எல்லாருக்கும் நிம்மதி. கசிவு மட்டும் போகவில்லை, போக வழியில்லாமல் அந்த உடம்பிலேயே நின்றது. அப்படியும் யாராவது தொட்டால் ஆர்சிசிபி விழுந்து காப்பாற்றியிருக்க வேண்டும். அதைச் சோதித்தேன். விழவே இல்லை. டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், அசையவில்லை. உள்ளே இறுகிப்போயிருந்தது. "ரெண்டு வருஷமா ஒரு தடவை கூட டிரிப் ஆனதில்லைங்க" என்று பெருமையாகச் சொன்னார் காவலர்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அதான் தம்பி, பசங்க கூலர் கடிக்குது, கூலர் கடிக்குதுன்னு சொல்லிச் சிரிப்பாங்க. யாரு ரொம்ப நேரம் தொடுறதுன்னு போட்டி வேற வெப்பாங்க. சும்மா விளையாடுறாங்கன்னு நெனைச்சேன்."

காலணியின் ரப்பர்தான் அத்தனை நாளும் காத்திருக்கிறது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். திங்கட்கிழமை பொங்கல் விழா. அன்பளிப்புக் கொடுத்தவரும் வருகிறார். "விழா முடியிற வரைக்கும் இருக்கட்டுமே சார், ஒரு தாள் ஒட்டி வெச்சுடுறேன்" என்றார். நல்ல மனுஷி. நூறு கவலைகளுக்கு நடுவில் இது நூற்றியொன்றாவது. நான் கேட்டது ஒன்றுதான்: "கோலாட்டம் ஆடுற பிள்ளைங்க காலணி போடுவாங்களா டீச்சர்?" அவர் பதில் சொல்லவில்லை. சாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார்.

அறிக்கையில் 'பழுது பார்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று நான் எழுதவில்லை. 'உடனடி ஆபத்து, இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று எழுதினேன். பள்ளி வாரியத்தில் ஒருவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை என்று கேள்வி. மென்மையாக எழுதிய அறிக்கைகள் கோப்பில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். புது ஆர்சிசிபி மாட்டினோம், அந்தப் பகுதி வயரை மாற்றினோம். கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த முன்னாள் மாணவரே வேறு வாங்கிக் கொடுத்தார்.

டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி காவலருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது ஆர்சிசிபி விழுகிறதா என்று மட்டும்தான் காட்டும். எர்த் இருக்கிறதா என்று காட்டாது, அதற்கு மீட்டர் வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

போன மழைக்காலத்தில் அவரே ஃபோன் செய்தார். "அண்ணே, டிரிப் ஆயிருச்சு. தூக்கிப் பார்த்தேன், மறுபடி விழுது. நான் ஒண்ணையும் தொடல, கேன்டீன பூட்டி வெச்சிருக்கேன்." போய்ப் பார்த்தேன். வெளிச்சுவர் சாக்கெட்டின் மூடி உடைந்து உள்ளே தண்ணீர். 15 ரிங்கிட் சாமான், அரை மணி நேர வேலை.