முகமும் முகத்துவாரமும்

"ஏண்டி, நீ வேல செய்யுற எடத்துல லைட்டு அடிச்சா மூஞ்சி பளபளன்னு ஆயிடுமாமே. எனக்கும் அடிச்சு வுடேன்."

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டாள். கையில் எறா. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துப் போட்டபடியே கேட்டாள். நான் சென்னையில் ஒரு தோல் மருத்துவரிடம் பதினாறு வருடமாக நர்ஸ். பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துப் பெண்களில் இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அம்மாதான் பாக்கி இருந்தாள்.

முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. இடது கன்னத்தில் கறுப்பும் அதிகம், சுருக்கமும் ஆழம். முப்பது வருடமாக அம்மா ஒரே இடத்தில் தெற்கே பார்த்து உட்கார்ந்துதான் மீன் விற்கிறாள். காலை வெயில் முழுக்க இடது கன்னத்தில். 2012-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 69 வயது, 28 வருடம் லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது முகம் மட்டும் தொங்கி, வரி வரியாகச் சுருங்கிப்போயிருந்தது. கண்ணாடியைத் தாண்டி வரும் புற ஊதா 'ஏ' கதிரின் வேலை. வயது முகத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதானே! கிழடு கொஞ்சம் வயதால் வருவது, மீதி வெயிலால் வருவது.

"லைட்டுன்னு நினைக்காதே. அது வேணும்னே போடுற புண்ணு" என்றேன்.

சுருக்கத்துக்கும் பருக்குழிக்கும் அதிகம் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல். இந்தக் கதிரை உறிஞ்சுவது தண்ணீர். தோலில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால், பட்ட இடம் கணத்தில் ஆவியாகிறது. கீழே சூடேறிய அடுக்கு, காயம் பட்டுவிட்டதென்று நினைத்துப் புதுக் கொலாஜன் நாரைப் பின்னத் தொடங்குகிறது. மாதக் கணக்கில் நடக்கும் அந்தப் பின்னல்தான் முகத்தை இறுக்கித் தருகிறது.

முதலில் முகம் முழுவதையும் சீவினார்கள். ஆற வாரங்கள், சிவப்பு மறைய மாதங்கள் ஆயின. 2004-இல் 'ஃப்ராக்‌ஷனல்' முறை வந்தது. அம்மாவுக்கு அதை வலையைக் காட்டித்தான் சொன்னேன். முகத்தின் மேல் ஒரு வலையை விரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டும் ஊசிமுனைப் புண். வலைக்கண்ணுக்குள் இருக்கும் தோல் அப்படியே நிற்கும். அது நான்கு பக்கமிருந்தும் வந்து புண்ணை மூடிவிடும். மரப்பு க்ரீம் தடவி முக்கால் மணி நேரம் காத்திருந்து செய்வோம். ஒரு வாரம் முகம் சிவந்து, உப்புத்தாள் போலச் சொரசொரத்து உரியும். ஒரு மாதம் விட்டு அடுத்த சிட்டிங். ஒவ்வொன்றுக்கும் பல ஆயிரம் ரூபாய்.

"அவ்ளோதானா?"

அவ்வளவு இல்லை. ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் வகுத்த தோல் வரிசையில் இப்போது ஆறு படிகள். நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து. இந்தத் தோல் எளிதில் வேகாது. ஆனால் எந்தக் காயத்துக்கும் கறுப்பைக் கொட்டித்தான் பதில் சொல்லும். கொசுக்கடி ஆறிய பிறகும் கறுப்பு மாசக்கணக்கில் நிற்கிறதே, அதேதான். சித்தி மகளுக்கு அதுதான் நடந்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்க, எங்கோ ஒரு அழகு நிலையத்தில் லேசர் வைத்துக்கொண்டாள். டெஸ்ட் பேட்ச் பார்க்கவில்லை, முன்பின் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவும் இல்லை. நாலாம் நாள் வெயிலில் மீன் ஏலத்துக்கு நின்றாள். கன்னத்தில் கட்டம் கட்டமாகக் கறுப்பு விழுந்தது. முகூர்த்தப் படத்தில் மாவு பூசி மறைத்தோம். கரைய ஒரு வருடம் ஆனது.

அம்மாவுக்கு இருப்பது மங்கு. அதற்கு இந்தப் புண் போடும் லேசர் முதல் மருந்தே இல்லை. சூடு பட்டால் மங்கு இன்னும் கறுத்துத் திரும்பிவரலாம். பருக்குழி, அம்மைத் தழும்பு, ஆழமான சுருக்கம் என்றால் பலன் உண்டு. அதுவும் தோல் மருத்துவர் கையில், காதோரம் சோதித்துப் பார்த்த பிறகு, கெலாய்டு எனும் தடித்த தழும்பு வரும் உடம்பா என்று கேட்ட பிறகு, வெயிலே படாமல் சில வாரம் இருக்க முடியும் என்றால்தான்.

"வெயில் படாமயா? மீன யாரு விப்பா?"

"மழைக்காலத்துல பண்ணிக்கலாம்."

"மழையிலதாண்டி எறா ஓடும்." உரித்த எறாவை அலசினாள். "அப்ப இது நம்ம முகத்துவாரம் கதைதான்."

ஏரி கடலோடு சேரும் வாய்தான் முகத்துவாரம். மணல் மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது, எறாக் குஞ்சு வராது, படகு போகாது. தூர்வாருவார்கள். கடல் மறுபடி மணலைக் கொண்டுவந்து கொட்டும். என்ன செலவழித்து வாரினாலும், மணல் வரும் வழி திறந்தே இருந்தால் என்ன பயன்? பதினாறு வருடமாக நோயாளிகளுக்கு நான் நீட்டி முழக்கியதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

மணல் வரும் வழியை அடைக்கத்தான் சன்ஸ்க்ரீன். எஸ்.பி.எஃப். முப்பதுக்குக் குறையாதது, மண்நிறம் கலந்தது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கறுக்க வைக்கும்; அதைத் தடுப்பது அந்த நிறத்திலுள்ள இரும்பு ஆக்சைடு. இரண்டு விரல் நீளம் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் தடவி, இரண்டு மணிக்கொரு முறை திரும்பத் தடவ வேண்டும். அம்மா மெடிக்கல் கடையில் சும்மா வாங்கித் தடவிவந்த 'வெளுப்பு' க்ரீமை அன்றே குப்பையில் போட்டேன். அதில் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயில் பட்டாலே எரியும்.

"இதுல வாசன வருமா? மீனு மேல ஒட்டுனா எவளும் வாங்க மாட்டா." வாசனை இல்லாததாகவே வாங்கிக் கொடுத்தேன்.

சித்திரையில் போனபோது அம்மா க்ரீம் பூசி, முந்தானையை முக்காடு போட்டு, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் வடக்கே பார்த்து.

"என்னம்மா, திரும்பிட்டே?"

ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்பதை எங்கள் ஊரில் பாடு என்பார்கள்.

"எடது கன்னத்துக்குப் பாடு முடிஞ்சிதுடி" என்றாள் அம்மா. "இனிமே வலது கன்னம் பாத்துக்கும்."