தெள்ளுப்பூச்சியை ஒழிக்கும் வழி

கடுகிலும் சிறிய உடல். ஆனால் தாவும் தூரமோ தன் உடல் நீளத்தைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு! இறக்கை இல்லை, ஆயினும் கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். பக்கவாட்டில் தட்டையான உடலாதலால் நாயின் மயிருக்குள் எளிதாக ஓடி ஒளியும். இதுவே தெள்ளுப்பூச்சி. நம்மில் பலர் இதனை உண்ணி என்றே கூறுகிறோம். அது சரியன்று. உண்ணிக்கு எட்டுக் கால்கள். தோலைக் கவ்வியபடி அசையாமல் கிடக்கும். தெள்ளுக்கு ஆறு கால்கள், தொட்டதும் துள்ளும். எதிரி யார் என்று தெரிந்த பின்னர்தானே போர் தொடுக்க முடியும்?

பொத்தேரியில் ஆடு மாடு கட்டிய வீடுகளும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உண்டு. இரண்டின் வாயிலிலும் நாய் படுத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் வந்ததும் தெள்ளு பெருகுகிறது. கடித்த இடத்தில் அரிப்பு மட்டும்தானே என்று எண்ணிவிடக் கூடாது. சிறு குட்டிகள் இரத்தம் இழந்து இறந்துபோவதும் உண்டு. நாய்க்கு வரும் ஒருவகை நாடாப்புழு தெள்ளின் வயிற்றில்தான் வளருகிறது. தரையில் தவழும் குழந்தை தெள்ளைத் தவறி விழுங்கிவிட்டால் அப்புழு குழந்தையின் குடலிலும் குடியேறும்.

வரலாறும் இப்பூச்சியின் ஆற்றலைக் கூறுகிறது. பிளேக் நோய்க் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் என்பவர் கண்டறிந்தார். அக்கிருமியை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது எலித் தெள்ளே என்று 1898-இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சோதனை செய்து காட்டினார். கோயம்புத்தூரில் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் நம் மக்கள் அந்நோய்க்கு எவ்வளவு அஞ்சினர் என்பதற்குச் சான்று. 1994-இல் சூரத் நகரமே கலங்கியதைப் பெற்றோர் நினைவில் வைத்திருப்பர். நம் வீட்டு நாயின் மேல் காண்பது பொதுவாக அந்த எலித் தெள்ளு அன்று; ஆகவே வீண் அச்சம் வேண்டாம். ஆனால் அசட்டையும் கூடாது.

இனி இதன் வாழ்க்கையைப் பார்ப்போம். பெண் தெள்ளு ஒரு நாளில் நாற்பது முட்டைகள் வரை இடும். அவை நாயின் மேல் ஒட்டி நில்லாமல் உதிர்ந்து பாயிலும் தரை வெடிப்பிலும் மணலிலும் விழுகின்றன. சில நாட்களில் புழு வெளிவரும். அது வெளிச்சத்தை வெறுத்து இருண்ட, ஈரமான மூலையைத் தேடும். பின்னர் கூடு கட்டி உறங்கும். அக்கூட்டுக்குள் பல மாதங்கள்கூடக் காத்திருக்கும். காலடி அதிர்வும் உடல் வெப்பமும் உணர்ந்தால் உடனே வெளியே தாவும். விடுமுறைக்குப் பூட்டிவைத்த வீட்டைத் திறந்ததும் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். நூறு தெள்ளுகளில் நாயின் மேல் நாம் காண்பவை ஏறக்குறைய ஐந்தே. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் நம் தரையில் இருக்கின்றன. நாயை மட்டும் குளிப்பாட்டி ஓய்ந்துவிட்டால் பயன் என்ன?

ஆகவே நான்கு இடங்களில் ஒரே வேளையில் வேலை தொடங்க வேண்டும்.

முதலாவது வீடு. நாள்தோறும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை உடனே வெளியேற்ற வேண்டும். நாயும் பூனையும் படுக்கும் சாக்கையும் துணியையும் வாரந்தோறும் கொதிநீரில் துவைத்து, உச்சி வெயிலில் உலர்த்த வேண்டும். தரை வெடிப்புகளை அடைத்துவிட வேண்டும். இரவில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டை வைத்து, அதன் மேல் ஒரு விளக்கை எரியவிட்டால் தெள்ளுகள் தாவி வந்து விழும்.

இரண்டாவது வளர்ப்புப் பிராணி. நாயைக் குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரை பூச வேண்டும். இல்லையெனில் தெள்ளு காதுக்கும் முகத்துக்கும் ஓடிவிடும். நாள்தோறும் பேன்சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். சீப்பில் வரும் கரும்பொடியை நனைந்த வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செந்நிறம் படர்ந்தால் அது தெள்ளின் கழிவு. அதாவது செரித்த இரத்தம்.

மூன்றாவது முற்றம். நேர் வெயில் பட்டால் புழு பிழைக்காது. நாய் படுக்கும் நிழலான இடங்களில் சருகை அகற்றி, தாழ்ந்த கிளைகளைக் கழித்து, வெயில் விழச் செய்ய வேண்டும். அங்கே வேப்பம் பிண்ணாக்கைத் தூவிக் கொத்திவிடலாம். வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. ஆனால் வேம்பு நமக்குத் துணைவனே. துடைப்பத்தின் வேலையை அது செய்யாது.

நான்காவது எலி. உணவை மூடிவைத்து, வளைகளை அடைக்க வேண்டும். நஞ்சு வைத்துக் கொன்றால் எலியின் உடல் குளிர்ந்ததும் அதன் தெள்ளுகள் வேறு இரத்தம் தேடிப் புறப்படும். செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் மக்கள் நஞ்சின்றி வளை தோண்டி எலி பிடிப்பதில் வல்லவர்கள். வடநெம்மேலியில் 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தவர்களும் இவர்களே. அவர்களது அறிவு போற்றத்தக்கது.

இயற்கை முறை என்ற பெயரில் தீங்கு செய்துவிடலாகாது. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். பாச்சை உருண்டையும் கற்பூரமும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. பூண்டு தின்னக் கொடுத்தால் அவற்றின் இரத்தம் கெடும். பூனை தன் உடலை நக்குவதால் எந்த எண்ணெயும் அதன் மேல் பூசலாகாது. ஒரு காலத்தில் வீடுதோறும் தூவிய பி.எச்.சி. பவுடரை 1997-இல் நம் அரசே தடை செய்துவிட்டது. குட்டியின் ஈறு வெளுத்திருந்தாலோ, நாய் சோர்ந்து உணவை மறுத்தாலோ, கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கூட்டுக்குள் உறங்குபவை பின்னர் எழுந்து வருமாதலால், இவ்வேலையை இரண்டு மாதமாவது விடாமல் செய்தாக வேண்டும். தோழியரே, பலன் கிடைத்ததா என்று அறிய நம் வெள்ளைக் காலுறையே போதும். அதை அணிந்து வீட்டின் மூலைகளில் சற்று நடந்து பாருங்கள். கரும்புள்ளிகள் தாவி ஏறினால் வேலை முடியவில்லை. வாரந்தோறும் எண்ணிக் குறித்து வாருங்கள். எண்ணிக்கை குறையக் குறைய ஊக்கம் பிறக்கும். பேசத் தெரியாத அந்த வாயில்லா ஜீவன் நிம்மதியாக உறங்குவதைக் காணும் மகிழ்ச்சியே நம் உழைப்புக்குக் கிடைக்கும் பரிசு.